கடிக்காத மீன்

தூண்டில் கடையில் வேலை செய்ய மீனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மீன்பிடிக்கிறவர்கள் சொல்வதைச் சிரிக்காமல் கேட்கத் தெரிந்தால் போதும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்த எல்லாருக்கும் இது விளங்கும். உங்களுக்கு அது சப்பாத்துக் கடையாக இருக்கலாம், பேக்கரியாக இருக்கலாம். எனக்கு ஹம்பேர்க்கிலிருந்து எஸ்-பான் ரயிலில் கடைசித் தரிப்பு வரை போய், பிறகு பஸ் பிடித்து இறங்கும் ஒரு சின்ன ஊரில், உயிர்ப் புழு வைத்த குளிர்ப்பெட்டிக்குப் பக்கத்தில். மகளைக் கீட்டாவில், சின்னப்பிள்ளைகள் காப்பகத்தில், விட்டுவிட்டு வந்து கடையைத் திறந்தால் முதலில் காதில் விழுவது அந்தப் பெட்டிக்குள் நடக்கும் சரசரப்புத்தான். முதல் கிழமை பயந்தேன். இரண்டாம் கிழமை அதுகளுக்குக் காலை வணக்கம் சொல்லத் தொடங்கினேன்.

ஈயம் விழுங்கிய மீன்

சனிக்கிழமைப் பின்னேரங்களில் கடையின் பின்னறையில் அமெரிக்க பாஸ் மீன் போட்டிகளை நேரலையாகப் போடுவோம். பாஸ் என்பது அந்த நாட்டுப் பெரிய வாய் மீன். எங்கள் ஏரியில் கிடையாது. மீனைப் பிடித்து, எடை நிறுத்து, கைதட்டு வாங்கிவிட்டுத் திரும்ப விடுகிற போட்டிக்கு இங்கத்தைய சட்டமும் இடம் கொடுக்காது. ஆகவே எங்கள் ஆட்கள் தாங்கள் பிடிக்க முடியாத மீனை, தாங்கள் போக முடியாத போட்டியில், முன்பின் தெரியாத ஒருவன் பிடிப்பதைப் பார்த்து, அதற்காகச் சண்டை பிடித்துத் தங்களுக்குள் இரண்டு கிழமை பேசாமல் இருப்பார்கள்.

ஒருநாள் கதை கள்ள எடை பற்றி. வெல்லுவதற்காக மீனின் வயிற்றுக்குள் ஈயக் குண்டு திணிக்கிறவர்களை என்ன செய்யலாம் என்று வாக்குவாதம். வாழ்நாள் முழுக்கத் தடை என்றார் முதலாளி உவே. பரிசு பெரிதானால் புத்தி சின்னதாகும் என்றார் இன்னொருவர். ராசன் அண்ணை எல்லாரும் முடிக்குமட்டும் பொறுத்திருந்தார். அவர் பஸ் ஓட்டுகிறவர். என்னைத் தவிர அந்த அறையில் இருந்த ஒரே தமிழர். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "செய்தவனை விடு தங்கச்சி. அந்த மீனை நினைச்சுப் பார். செத்தாப் பிறகும் பொய் சொல்ல வேண்டிக் கிடக்கு."

அசையாததையும் காட்டுமா?

ஆனால் அறையை இரண்டாகப் பிளந்தது நேரடி சோனார். படகின் முன்பக்கத்தில் பூட்டுகிற கருவி அது. தண்ணீருக்கடியில் மீன் எங்கே நிற்கிறது, தூண்டிலைப் பார்த்துத் திரும்புகிறதா என்பதை அந்த நிமிசத்திலேயே திரையில் காட்டும். பந்தயக்காரர்கள் இப்போது தண்ணீரைப் பார்ப்பதேயில்லை, அந்தத் திரையைத்தான் பார்க்கிறார்கள். இது மீன்பிடியா, வீடியோ விளையாட்டா, தடை செய் என்று ஒரு கட்சி. உன்னிடம் வாங்கக் காசில்லை, அதுதான் கத்துகிறாய் என்று மற்றக் கட்சி. வேடிக்கை என்னவென்றால், தடை செய் என்று மேசையில் குத்துகிற உவேயின் படகிலும் அது பூட்டியிருந்தது.

மூலைக் கதிரையில் ஹெர் ஹார்ம்ஸ், எங்கள் பேச்சில் ஹார்ம்ஸ் ஐயா, இருப்பார். எண்பதை நெருங்கிய மனிதர், படகும் இல்லை தூண்டிலும் இல்லை. கோப்பி கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக் குடிக்காமல் வைத்திருப்பார். அன்றைக்கு இரண்டு கட்சியும் களைத்துப்போன இடைவெளியில்தான் முதல்முறை வாயைத் திறந்தார். கேட்டது இவ்வளவுதான்: "அது அசைகிறதை மட்டுந்தான் காட்டுமா, அசையாமல் இருக்கிறதையும் காட்டுமா?"

மூடப் போகிற பக்கம்

அவர் போன பிறகு உவே சொன்னார். ஹெர் ஹார்ம்ஸின் தம்பி தண்ணீருக்கடியில் நீந்துகிற சுழியோடி. இருபது வருடத்துக்கு மேலாகிறது, எங்கள் ஏரியில் இறங்கினவர் மேலே வரவில்லை. அது சல்லி அகழ்ந்த பள்ளத்தில் தண்ணீர் ஊறி உண்டான ஏரி. பழைய யந்திரங்களும் கம்பிகளும் இன்னும் அடியில் கிடக்கின்றன. பொலிஸ் நாட்கணக்காகத் தேடியும், கலங்கின தண்ணீரில் ஒன்றும் அகப்படவில்லை.

தாய் தகப்பனின் கல்லறைக்குப் பக்கத்தில் தம்பிக்கென்று ஒரு இடம் விட்டு வைத்திருக்கிறாராம். இப்போது கல்லறைத் தோட்டத்தின் அந்தப் பக்கத்தை மூடப் போகிறார்கள். நவம்பருக்குப் பிறகு அங்கே யாரையும் வைக்க ஏலாது. கருவியை வாங்கட்டுமா என்று ஹெர் ஹார்ம்ஸ் தனியாக வந்து கேட்டாராம், உவே மறுத்துவிட்டார். ஏன் என்று கேட்டேன். அப்போது ஓகஸ்ட் மாதம். உவே தூண்டில் நரம்புச் சுருளை மேசையில் உருட்டிக்கொண்டே சொன்னார்: "எந்த இடம் என்று தெரியாமல் அந்த ஏரியில் தேடினால் அவருடைய ஆயுள் காணாது. அதை நான் அவருக்கு எப்படி விற்க?"

ஐந்து கருவிகள்

கடையில் எனக்கென்று ஒரு வேலை உண்டு: சோனார் கருவிகளுக்குப் புது மென்பொருள் ஏற்றுவது. அதற்கு முதல், கருவியில் சொந்தக்காரர் குறித்து வைத்த மீன் இடங்களை ஒரு மெமரி அட்டையில் பிரதி எடுக்க வேண்டும். அந்த இடங்கள்தான் இவர்களுடைய உயிர். மனைவிக்கும் சொல்லமாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றே உவே சொல்லியிருந்தார், ஒருவருடைய இடம் இன்னொருவர் காதுக்குப் போனால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்று. வேலை நிரந்தரமாக இன்னும் ஆறு கிழமை இருந்தது.

செப்டெம்பரில் ஐந்து கருவிகள் ஒன்றாக வந்தன. மகளுக்குப் பல்வைத்தியரிடம் நேரம் குறித்த டெர்மின், எனக்கு அவசரம். பிரதி சரியா என்று ஒவ்வொன்றாகப் பார்க்காமல், ஐந்தையும் ஒரே வரைபடத்தில் ஏற்றினேன். செய்யக் கூடாத பிழைதான். ஏரி முழுக்கப் புள்ளிகள், ஆளுக்கொரு மூலை, ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வடக்குப் பக்கத்தில் மட்டும் ஐந்து பெயர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, வாசிக்க முடியாத கறுப்புத் திட்டாக நின்றன. பெருப்பித்துப் பார்த்தேன். மற்றப் புள்ளிகளுக்கெல்லாம் மீன் பெயர், மரப் பெயர். இந்த ஐந்துக்கும் அப்படியில்லை: தாத்தா. காவல்காரன். ஒல்லியன். பாதிரியார். பெரியவர்.

குளிர்ப்பெட்டிக்குள் புழுக்கள் சரசரத்தன. ஹெர் ஹார்ம்ஸின் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது: அசையாமல் இருக்கிறதையும் காட்டுமா.

'பெரியவர்' ராசன் அண்ணையுடையது. கருவியை எடுக்க வந்தபோது, பெரிய மீன் ஏதும் உண்டோ அண்ணை என்று சும்மா கேட்பது போலக் கேட்டேன். கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "ஒண்டு நிக்குது. நிமிந்து நிக்கும். மூண்டு வருசமா எறியிறன், ஒருக்காலும் கடிக்கேல்லை. நான் எந்தப் பக்கத்தால படகைக் கொண்டு போனாலும் என்னைப் பாத்தபடிதான் நிக்குது, தங்கச்சி."

கை உயர்த்தியவர்கள்

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ஹெர் ஹார்ம்ஸின் நவம்பர் போகும். சனிக்கிழமை ஹெர் ஹார்ம்ஸ் வர முந்தியே கருவிகளின் சொந்தக்காரர் ஐந்து பேரும் வந்திருந்தார்கள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒருவருடைய இடத்தையும் நான் சொல்லப் போவதில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு கேட்டேன்: நிமிர்ந்து நிற்கிற, எத்தனை எறிந்தாலும் கடிக்காத மீன் ஒன்று யாருக்காவது இருந்தால் கையை மட்டும் உயர்த்துங்கள்.

முதலில் உயர்ந்தது ராசன் அண்ணையின் கை. அடுத்தது இன்னொன்று. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருவர் மற்றவரின் இடத்தைக் கண்டுபிடித்துவிட்ட கோபம் முதலில் வந்து, அது பாதியிலேயே வேறு ஏதோவாக மாறியது. திரையில் யாரோ ஒரு அமெரிக்கர் மீனைத் தூக்கிப் பிடித்துச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவதாக உயர்ந்த கை உவேயுடையது. அவர் என்னைத் திட்டவில்லை. கையை இறக்காமலே சொன்னார்: "நான் அதற்குப் பாதிரியார் என்று பெயர் வைத்தேன். அதற்குப் பக்கத்தில் போனால் ஏனோ சத்தமாகப் பேச வாய் வராது."

பதினேழு மீட்டர்

உவே அறிவித்துப் பொலிஸ் சுழியோடிகள் வந்த காலையில் பனிப்புகார் மூடி மறுகரை தெரியவில்லை. அவர்களுடைய படகுக்கு முன்னால் உவே தன் படகில் வழிகாட்டிப் போனார். பதினேழு மீட்டர் ஆழத்தில், பழைய யந்திரத்தின் கம்பியில் மாட்டுப்பட்ட சுழியோடி உடுப்பு, அதற்குள் ஹெர் ஹார்ம்ஸின் தம்பி. அந்தக் கம்பிதான் அவரை விழவிடாமல் இத்தனை வருடம் நிமிர்த்தி வைத்திருந்தது. கரையில் ஐந்து பேரில் நால்வர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்கள். வருடக்கணக்காக ஆளை நோக்கித் தூண்டில் எறிந்தவர்கள், ஹெர் ஹார்ம்ஸின் முகத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தார்கள்.

ஒக்டோபர் கடைசியில், தாய்க்குப் பக்கத்தில் அடக்கம். மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். என்னென்ன பெயர் வைத்திருந்தீர்கள் என்று ஹெர் ஹார்ம்ஸ் கேட்டார். ஒருவர்பின் ஒருவராகச் சொன்னார்கள், பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளைகள் மாதிரி. பாதிரியார் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தம்பி கோயில் பக்கமே போகாத ஆளாம். பிறகு ஐவரின் கையையும் பிடித்து நன்றி சொன்னார்: "அவனுக்குத் தனிய இருக்கப் பிடிக்காது. நீங்கள் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறீர்கள்."

வெறும் வட்டம்

வேலை நிரந்தரமாகிவிட்டது. சோனாரைத் தடை செய்ய வேண்டுமா என்ற சண்டை இன்னும் முடியவில்லை. உவே மட்டும் இப்போது மேசையில் குத்துவதில்லை. போன கிழமை ராசன் அண்ணை தன் கருவியில் பதிந்த படம் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார். அதே இடம், அதே ஆழம், நடுவில் ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைச் சுற்றி மீன்கள் வட்டமாக, தலையை உள்ளே காட்டி, அசையாமல் நின்றன. எறிந்து பார்த்தீங்களோ என்று கேட்டேன். கருவியை அணைத்துப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: "அதுகள் பாத்துக்கொண்டு நிக்குதுகள், தங்கச்சி. அதுக்குள்ள நான் எப்பிடி எறியிறது?"

ரகசியம் காப்பது எங்கள் தொழிலில் நல்ல பழக்கந்தான், ஆனால் ஐந்து பேர் ஒரே ரகசியத்தைத் தனித்தனியாகக் காத்தால் தண்ணீருக்கடியில் ஒருவர் தேவைக்கு மேல் நிற்க வேண்டி வருகிறது.