அண்ணனின் படகை மினுக்கிய நாள்

அண்ணன் தன் ஃபைபர் படகைக் கழுவ ஒரு வாளி தண்ணீரை ஊற்றினான். சுண்ணாம்பு பூத்தது போல வெளுத்துக் கிடந்த பக்கம், ஈரம் பட்டதும் பளீரென்று நீலமானது! காய்ந்ததும் மறுபடி வெளுத்துவிட்டது. நிறம் எங்கும் போகவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கல்லூரி விடுமுறை. முகத்துவாரக்குப்பம் மணலில் உட்கார்ந்து, தண்ணீர் விட்டு விட்டு வாட்டர் பேப்பர் என்ற உப்புத்தாளால் படகின் பக்கத்தைத் தேய்த்தேன். பிறகு பாலிஷ், அதன்மேல் மெழுகு. என் பல்லே அதில் தெரிந்தது! நிறுத்த மனமில்லாமல், வலை இழுக்கும்போது அண்ணன் ஏறி நிற்கும் விளிம்பையும் மினுக்கினேன்.

"இன்னாமே, பாத்து தலை வாரலாம் போல கீதே!" என்று அண்ணன் ஈரக்காலோடு விளிம்பில் ஏறினான். அடுத்த நொடி வழுக்கி மணலில் மல்லாந்தான்.

அவன் கூட்டாளி குமாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கடல்ல இப்டி வுயுந்தா வலையோட போய்கினே இருப்ப மாமு!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்தால் இருவரும் கடலுக்குப் போக வேண்டும்.

அண்ணன் மணலைத் தட்டிக்கொண்டே எழுந்தான். "பக்கத்த தொடாத, சூப்பரா கீது. மேல மட்டும் சொரசொரன்னு ஆக்கிக் குடு."

நான் ஏற்றிய பளபளப்பை நானே முரட்டுப் பேப்பரால் தேய்த்து எடுத்தேன். அதுவரை அந்தப் படகைக் கரையிலிருந்து பார்ப்பவளாகவே இருந்திருக்கிறேன். அதன்மேல் நிற்பவர்களை நினைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபக்கத்தை மினுக்கப் போகிறேன். விளிம்புக்கு மட்டும் பெயிண்டில் பொடிமணல் கலந்து பூசிப் பார்க்க வேண்டும். காய்ந்ததும் ஈரக்காலோடு முதலில் ஏறப்போவது நான்தான்.