அடுப்பில் போன கடைசிப் பக்கங்கள்

என்னங்க, எல்லாரும் சுகமா? சாப்பிட்டாச்சா? இங்கே ருவான்வெல்லைப் பக்கம் மூன்று நாளாக விடாத மழை. நான் சொல்லச் சொல்ல மகள் போனில் தட்டுகிறாள். பேச்சைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்துவாளாம். செய்யட்டும்...

ஒட்டுப்பால் எரிகிற வாசனை தெரியுமா உங்களுக்கு? ரப்பர் மரத்து வெட்டிலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்துபோகிற பால். ஈர விறகைப் பற்றவைக்க அதுதான் எங்களுக்கு மண்ணெண்ணெய். கறுப்புப் புகை மூக்கைக் குத்தும். அந்த வாசனை வந்தால் இன்னும் எனக்கு ஒரு புத்தகம்தான் ஞாபகம் வரும்.

சுனாமிக்கு முந்தின வருஷம் அது. நானும் வீட்டுக்காரி மேரியும் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை. மேரி கான்வென்ட்டில் படித்தவள், இங்கிலீஷ் வாசிப்பாள். நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன்.

தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத்துரை மாற்றலாகிப் போகும்போது பங்களாவைக் கூட்டப் போன மேரி, ஒரு தடித்த புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். கம்ப்யூட்டர் கேமில் இருந்து எழுதின கதையாம். முதலில் விளையாட்டு வந்ததாம், பிறகுதான் கதை வந்ததாம். புட்டை அவித்துவிட்டு அரிசி இடிக்கிற மாதிரி இருக்கே என்று நான் சிரித்தேன்.

காலையில் மரத்தில் பால் வெட்டி முடித்தால் சிரட்டை நிரம்புகிற வரைக்கும் எங்களுக்கு வேலை இல்லை. பாலை அவசரப்படுத்த முடியாது பாருங்க. அந்த நேரத்தில் பாறையில் உட்கார்ந்து மேரி வாசித்து வாசித்துத் தமிழில் சொல்வாள். பத்துப் பேர் சுற்றி உட்காருவோம்.

இரண்டு நிலா இருக்கிற ஊர். ஒருத்தன் இடுப்பில் வாள், ஏறிப் பறக்க ராக்கெட். அவன்தான் ஹீரோ. ஆனால் எங்களுக்குப் பிடித்தது அவனை இல்லை. ஊர் வாசலில் கேட் காக்கிற ஓரன் என்கிறவனைத்தான். நாலு கை. கழுத்தில் சாவி. விடிந்ததும் கேட்டின் கீலுக்கு எண்ணெய் விடுவான். வீட்டில் மகளுக்குக் காய்ச்சல், அதே கவலை அவனுக்கு.

"நாலு கையா? துரைமாருக்குச் சொல்லிறாதீங்க. நமக்கும் ரெண்டு மடங்கு மரம் வெட்டச் சொல்லுவாங்க" என்பார் எங்களை வேலை வாங்குகிற கங்காணி. அவர் வாயை மூடுவது ஓரன் வரும்போது மட்டும்தான்.

ஒவ்வொரு நாளும் கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை மேரி அட்டையின் உள்பக்கம் பென்சிலால் எழுதி வைப்பாள். சண்டை நீளம், நடுவில் சோறே யாரும் சாப்பிடவில்லை, ராஜாவுக்கு அறிவு போதாது... இப்படி.

கடைசியில் ஹீரோ வாளை உருவிக்கொண்டு கேட்டுக்கு வந்தான். ஓரன் சாவியில் கையை வைத்தான். மேரி பக்கத்தைத் திருப்பினாள்.

பக்கம் இல்லை.

புத்தகம் வந்த அன்றே, பின்பக்கத்துத் தாளில் படம்கூட இல்லையே, விளம்பரமாக இருக்கும் என்று நினைத்து, ஏழெட்டுத் தாளைக் கிழித்து ஒட்டுப்பாலைச் சுற்றி அடுப்பில் வைத்தது நான்தான். பாறையிலேயே ஒத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மேரி என்னோடு பேசவே இல்லை. தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைப்பாள், போய்விடுவாள். அது திட்டுவதைவிடக் கொடுமை.

மூன்றாம் நாள் நல்ல மழை, பால்வெட்டு இல்லை. புத்தகத்தைப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஜாரில் சுனில் என்றொரு இளவட்டம், போனும் கம்ப்யூட்டரும் போட்டுக் கம்யூனிகேஷன் கடை வைத்திருந்தான். ரொம்ப மரியாதையான பிள்ளை, அவன் அம்மா செய்கிற கித்துல் மரத்துக் கருப்பட்டியைப் பற்றித் தனியாகவே பேசலாம்... சரி, அது கிடக்கட்டும். அட்டைப் படத்தைப் பார்த்ததும் அந்த கேம் தன்னிடம் இருக்கிறது என்றான். முடிவு அதில் இருக்கும்தானே என்று நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதல் இடமே அந்த கேட்தான். நாலு கையோடு ஓரன் நிற்கிறான். சுனில் ஒரு பட்டனைத் தட்டினான். ஓரன் விழுந்தான், சாவி உருண்டது, கேட் திறந்தது. ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

அவனோடு பேசிப் பார்க்க முடியாதா என்று சிங்களத்தில் கேட்டேன்.

"கதா கரன்ன பட்டன் எக்கக் நே, மாமே" என்றான். பேசுவதற்குப் பட்டனே இல்லையாம். ஓரன் என்ற பேர்கூடச் சுனிலுக்குத் தெரியவில்லை. கேட்டில் நிற்கிறவன், அவ்வளவுதான்.

மறுநாள் பாறையில் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். மேரி முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. கண்டதை அப்படியே சொன்னேன். கங்காணிகூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

பக்கத்து நிரை மரங்களில் வெட்டுகிற லெச்சுமி அக்கா மட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வெளையாட்டுல சாவான். அதுல அவனுக்கு பேரே இல்லையே. கதை எழுதுன ஆளு, மகளுக்கு காய்ச்சல்னு தெரிஞ்சு எழுதியிருக்காரு. தெரிஞ்ச பொறகு கொல்ல மனசு வராது."

மேரி பென்சிலை எடுத்தாள். அட்டையில் கடைசி வரியாக அதைத்தான் எழுதினாள். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, "பாலெடுக்கப் போவமா, ஓரன்?" என்றாள். மூன்று நாளைக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. அன்றிலிருந்து எனக்கு வீட்டில் அதுதான் பேர்.

இப்போது ஒரு புத்தகம் வந்தால் போனில் நட்சத்திரம் போடுகிறார்கள். மூன்று, நாலு... வாசிக்காமலே போடுகிறவர்களும் உண்டாம் என்கிறாள் மகள். தப்பில்லை, அவர்களுக்குப் பால் வடிகிற வரைக்கும் காத்திருக்கிற வேலை இல்லையே. எங்கள் அட்டையில் நட்சத்திரம் இல்லை, பத்துப் பேர் பேச்சு இருக்கிறது. பென்சில் மங்கிவிட்டது, ஆனாலும் மேரி வாசிப்பாள்.

நேற்று மகள் அந்தப் புத்தகத்தை முழுசாகவே போனில் தேடிப் பிடித்துவிட்டாள். கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவாம். எனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆனால் மேரி வாசித்துவிட்டாள் போல. காலையிலிருந்து ஒரு மாதிரி சிரிப்பு. கேட்கவா வேண்டாமா என்று நானும் யோசித்து, இப்போதுதான் சரி, கேட்டுவிடுவோம் என்று...

"ஓரன்! மழையில கேட்டு இறுகிக் கெடக்கு. எண்ணெய்ய எடுத்துக்கிட்டு வாங்க."

இந்தா, வந்துட்டேன்... மகள், நீ அதைத் தட்டாதே, நான் போய் கீலுக்கு