வாசுவை வேலைக்கு அனுப்பிய டத்தோ

"இருக்கேன்லா, எங்கயும் போவல" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறார் மலர்விழி. ஹாலில் கூண்டின் மேல் உட்கார்ந்திருக்கும் மூன்று காக்கட்டீல் கிளிகளும் கத்துவதை நிறுத்துகின்றன. இரண்டு நிமிடம்தான். மறுபடி கத்தல், மறுபடி பதில். அவர் கண்ணுக்கு மறைந்தால் அவற்றுக்கு ஆகாது. குளியலறையில் பல் துலக்கும்போதும் நுரையோடு பதில் சொல்லியாக வேண்டும்.

மலேசியாவின் கிள்ளானில் ஓர் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடியில் ரவிக்கை தைக்கிறார். வயது ஐம்பத்துமூன்று. அளவெடுக்கும்போதும் பறவைகளோடு பேச்சு ஓயாது. "போதும், ரொம்பத்தான் ஊதிட்ட" என்று ஒருநாள் சொல்லப்போக, இடுப்பளவு கொடுத்துக்கொண்டிருந்த கல்யாணப் பெண் அழுதுவிட்டாள். "ஒன்னைய இல்லம்மா, அவனைய."

அவன் என்றால் டத்தோ; இங்கே பெரிய மனிதர்களுக்குக் கொடுக்கும் பட்டம்தான் அவன் பெயர். சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு. கரண்டியில் தன் முகம் தெரிந்தால் நெஞ்சை நிமிர்த்திச் சீட்டியடிப்பான். வெள்ளைப் பெட்டை நர்ஸ். பாடாது, பிடிக்காதவரைக் கண்டால் குக்கர்போல் சீறும். மூன்றாவது, பியூன். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டும்.

டத்தோவுக்குப் பேச்சு வராது. மூன்று வருஷம் "வணக்கம்" சொல்லிக்கொடுத்தும் ஒரு முனகல்தான் மிச்சம். ஆனால் மெட்டு என்றால் ஒரே வாரத்தில் பிடித்துவிடுவான். வம்பு அங்கேதான் வந்தது.

நேர் கீழ்வீட்டு வாசு, தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர். பகலெல்லாம் தூங்கி, மாலை ஐந்துக்குப் போன் அலாரம் அடித்ததும் எழுந்து, ஆறு மணி பஸ்ஸைப் பிடிப்பார். அந்த அலாரத்தை டத்தோ ஜன்னல் வழியாகக் கற்றுக்கொண்டான். காலை பதினொன்றுக்கு ஒருதரம் சீட்டியடித்துப் பார்த்தான். வாசு எழுந்தார், குளித்தார், யூனிஃபார்ம் மாட்டினார், உச்சி வெயிலில் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றார்.

மூன்றாம் முறை நின்ற அன்று மேலே வந்து கதவைத் தட்டினார். கண்கள் சிவந்திருந்தன.

"ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. இந்த வாரம் மூணு தரம் ஒங்க கிளி என்னைய வேலைக்கு அனுப்பிருச்சு. நைட்டு மிஷின் முன்னால தூங்குறேன். சூப்பர்வைசர் வார்னிங் குடுத்துட்டாரு."

விஷயம் அடுக்குமாடிக் குழுத் தலைவர் இராமலிங்கத்திடம் போனது. இரண்டு வாரத்தில் சத்தம் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் கிளிகள் வெளியேற வேண்டும் என்றார். மலர்விழிக்கு அன்று ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

கூண்டைப் போர்வையால் மூடினார். டத்தோ போர்வைக்குள்ளிருந்து இன்னும் உற்சாகமாக அடித்தான். வாசு அலாரத்தைச் சேவல் கூவலாக மாற்றினார். ஏழாம் நாள் மூன்றாம் மாடியில் சேவல் கூவியது. ஆம்புலன்ஸ் ஒலி வைத்தார். பன்னிரண்டாம் நாள் அதுவும் மேலிருந்து வந்தது. எதிர்வீட்டுக்காரர் யாருக்கு என்ன ஆச்சென்று விசாரிக்க ஓடிவந்தார்.

அன்று பியூனுக்கு விதை வைக்கும்போதுதான் மலர்விழிக்குப் பொறிதட்டியது. நேரே கீழே இறங்கினார்.

"தம்பி, போனைக் குடு. இவனுக்கு மெட்டுதான வரும், பேச்சு வராதுல்ல? நான் பேசுறேன். அதையே அலாரமா வச்சிக்க."

பதிவு செய்ய ஏழு தரம் ஆனது. அவரைக் காணாமல் மேலே மூன்றும் கத்த, பாதியில் நிறுத்தி மாடியைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. கடைசியில் சுத்தமாக வந்தது: "வாசு, எந்திரிப்பா. மணி அஞ்சாச்சி. பஸ்ஸு போயிரும்."

பதினைந்தாம் நாள் இராமலிங்கம் சோதிக்க வந்தார். நர்ஸ் அவரைப் பார்த்துச் சீற, வாசலில் நின்றபடியே 'பிரச்சினை இல்லை' என்று எழுதிக்கொண்டு இறங்கிவிட்டார். டத்தோ எந்த மெட்டை அடித்தாலும் வாசு இப்போது பகல் முழுக்கத் தூங்குகிறார். "அலாரத்துக்கு நான் 'சரி ஆன்டி'ன்னு பதில் சொல்லிட்டுத்தான் எந்திரிக்கிறேன்" என்கிறார்.

மாலை ஐந்து மணி. ஜன்னலுக்குக் கீழிருந்து மலர்விழியின் குரல் எழுகிறது. மேலே தைத்துக்கொண்டிருக்கும் மலர்விழி மிஷினை நிறுத்துகிறார். வீட்டுக்கு யாரோ வந்துவிட்டதுபோல், நாற்காலியில் கிடக்கும் துண்டை எடுத்து அவசரமாக நைட்டியின் மேல் போட்டுக்கொள்கிறார்.