சேவூர் கட்டிடமும் எதிர்வீட்டுத் தறிக்குழியும்

கட்டிடங்களுக்குப் பசுமை ரேட்டிங் தருவதற்கான ஆய்வுதான் என் வேலை. சென்னையில் பல வருஷம் செய்துவிட்டு ஆரணிக்குத் திரும்பியதும் முதலில் கிடைத்தது பக்கத்திலிருக்கும் சேவூர் ப்ராஜெக்ட். பட்டு வியாபாரம் செய்யும் சுலோசனா அம்மா அங்கே ஷோரூமும் குடோனும் கட்டிக்கொண்டிருந்தார். வெளிநாட்டில் சேலை வாங்குகிறவர்கள் ரேட்டிங் இருந்தால்தான் ஆர்டர் என்று சொல்லியிருந்தார்கள்.

பிளானில் குறையே இல்லை. சோலார், மழைநீர்த் தொட்டி, காற்றோட்டம் எல்லாவற்றுக்கும் பாயிண்ட் விழுந்தது. ஆனால் சைட்டுக்குப் போனபோது ஃபில்லிங் வேலை நடந்துகொண்டிருந்தது. தெருத் தண்ணீரெல்லாம் வந்து நிற்கிற பள்ளம் அது. அதை மண் கொட்டி ரோட்டைவிட மேடாக்கிவிட்டார்கள். எதிரே நெசவாளர் வீடுகள், பெரும்பாலும் தரையில் குழி வெட்டிப் போட்ட குழித்தறி. இனி மழை பெய்தால் தண்ணீர் அந்தக் குழிகளுக்குள்தான் போகும்.

சுலோசனா அம்மாவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம். தன் இடத்தைத் தான் மேடாக்குவதில் என்ன தப்பு என்று கேட்டார். ஆர்க்கிடெக்டும், பாயிண்ட் கணக்கில் எதிர்வீடு வராது என்றார். அது உண்மைதான். இந்த ஊரில் முதல் வேலையே கைவிட்டுப் போய்விடுமோ என்று எனக்கும் பயம். ஆனாலும் ரேட்டிங் அறிக்கையில் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

மறுநாள் காலையில் சுலோசனா அம்மாவையே சைட்டுக்கு அழைத்தேன். எதிர்வீட்டு தேவகியிடம் முன்பே சொல்லி, வாசலில் மணல் மூட்டை அடுக்கியிருந்தேன். வேலைக்கு வந்திருந்த தண்ணி லாரியின் வால்வை மேட்டின் மேல் திறக்கச் சொன்னேன். தண்ணீர் ரோட்டைத் தாண்டி நேராக தேவகி வீட்டு வாசலில் போய் முட்டியது. மூட்டைகளின் இடுக்கில் கசிய ஆரம்பித்தது.

தேவகி எட்டிப் பார்த்து, "மொதலாளியம்மா, உள்ள உங்க பாவுதான் பிணைச்சிகினு இருக்கேங்க" என்றாள். சேலை நெய்ய சுலோசனா அம்மா கொடுத்திருந்த பட்டு நூல்தான் அவள் தறியில் ஏறிக்கொண்டிருந்தது.

சுலோசனா அம்மா செருப்பை உதறிவிட்டு ஓடினார். கிடந்த சாக்கை எடுத்து இடுக்கில் அழுத்திக்கொண்டே, "லாரிய நிறுத்துப்பா, ஜல்தி" என்றார். உடனே உள்ளே போய்த் தறிக்குழியை எட்டிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. வெளியே வந்து உதறிய செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். பிறகு, "என்ன பண்ணலாம், சொல்லுங்க மேடம்" என்றார்.

முன்பக்கம் கொட்டிய மண்ணை அள்ளி, பழைய பள்ளத்தைத் தோட்டமாக விட்டோம். கட்டிடம் பின்னால் தள்ளிப் போனது. ஷோரூம் சிறிதானது. ஆர்க்கிடெக்ட் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் புது டிராயிங்கை நன்றாகவே போட்டுக் கொடுத்தார். ரேட்டிங்கும் கிடைத்தது.

அந்த வருஷ மழையில் ஒரு சாயந்திரம் சுலோசனா அம்மாவிடமிருந்து போன். "தண்ணி நம்ம பள்ளத்துலயே நின்னுகினு இருக்குது மேடம். தேவகி வீட்ல தறி ஓடுது. நீங்களே கேளுங்க" என்று போனைத் தெருப்பக்கம் நீட்டினார். மழைச் சத்தத்தில் தறிச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. கேட்குது என்று சொன்னேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பிளானை விரிப்பதற்கு முன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.