என் வகுப்பு, என் ஹாட்ஸ்பாட்

இன்று சாயங்காலம் வைட்ஃபீல்ட் மெட்ரோவில் என் பக்கத்து சீட்டில் ஒரு கல்லூரிப் பையன். அவன் மடியில் கிடந்த ஃபோனில் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், நானேதான். எங்கள் கல்லூரி இணையத்தில் ஏற்றியிருக்கும் என் பொருளாதார வகுப்பு. அதன் சத்தத்தை அணைத்துவிட்டு, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தோழியின் ஃபோனில் ரீல்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கிளாஸைக் கேக்கலையாப்பா?" என்றேன்.

"அதை யாரு ஆன்ட்டி கேப்பாங்க? கடைசி வரைக்கும் ஓடுனா அட்டெண்டன்ஸ் விழுந்துடும்."

என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

அந்த வீடியோவுக்காக ஒரு ஞாயிறு முழுக்கத் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன். சீ என்றாகிவிட்டது.

திடீரென்று வீடியோ நின்றது.

"ஆன்ட்டி, டேட்டா தீந்துபோச்சு. இவ ஃபோன்ல ரீல்ஸ் ஓடுது. நீங்க ஹாட்ஸ்பாட் போடுறீங்களா? இல்லன்னா மறுபடியும் மொதல்லேர்ந்து ஓட்டணும்."

போட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

ஹாட்ஸ்பாட்டில் என் பெயர் வந்தது. வீடியோவின் கீழேயும் அதே பெயர். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு ரீல்ஸுக்குத் திரும்பிவிட்டான்.

நாளைக்கு அடுத்த பாடத்தின் ரெக்கார்டிங். பேச வேண்டுமா, வாயை மட்டும் அசைத்தால் போதுமா? வாத்தியார்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.