அக்கா நடத்திய நாடாளுமன்றம்

எங்கள் வீட்டில் கொஞ்ச காலம் ஒரு நாடாளுமன்றம் நடந்தது. கேட்டால் சிரிப்பீர்கள். சபாநாயகர் என் அக்கா. பிரதமர் அப்பா. எதிர்க்கட்சித் தலைவர் சித்தப்பா. அம்மாவும் நானும் உறுப்பினர்கள். நான் எந்தக் கட்சி என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அப்போது நாங்கள் புனாவுக்குப் பக்கத்தில் தேஹு ரோடு என்ற ஊரில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ராணுவ டிப்போவில் ஸ்டோர்கீப்பர் வேலை. சீட்டில் கையெழுத்து இல்லாமல் ஒரு ஆணியைக்கூட வெளியே விடமாட்டார் என்று அவருக்குப் பெயர். விதி என்று ஒன்று இருந்துவிட்டால், தனக்குப் பிடிக்காவிட்டாலும் அதன்படிதான் நடப்பார். சித்தப்பா நேர் எதிர். கசார்வாடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். ஞாயிறு காலையில் லோக்கல் ரயிலில் வந்து இறங்கி, எங்கள் வீட்டு இட்லியையும் அப்பாவின் பொறுமையையும் ஒருசேரத் தீர்த்துவிட்டுப் போவார்.

அக்கா பத்தாம் வகுப்பு படித்தாள். அவள் பள்ளியில் வருடாவருடம் மாதிரி நாடாளுமன்றம் நடத்துவார்கள். பையன்கள் குல்லா வைத்துக்கொள்வார்கள், பெண்கள் அம்மாவின் கதர்ப் புடவையைச் சுற்றிக்கொள்வார்கள். கேள்வி நேரம் உண்டு, கூச்சல் உண்டு. கோபித்துக்கொண்டு வெளிநடப்பு செய்கிறவர்கள் மட்டும் வரிசை கலையாமல் நடக்க வேண்டும் என்பது தலைமையாசிரியரின் கட்டளை. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கேட்கும் மசோதாவைப் பற்றி அப்போது டிவி செய்தியில் அடிக்கடி சொல்வார்கள். அதனால் அந்த வருடம் பள்ளியிலும் அதையே விவாதமாக வைத்தார்கள். அக்காவுக்குக் கிடைத்தது, எழுந்து நின்று 'ஷேம், ஷேம்' என்று கத்தும் வேஷம். ஆனால் சபாநாயகராக இருக்க வேண்டிய பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து கன்னம் பன்னு மாதிரி உப்பிவிட்டது. அந்த நாற்காலி அக்காவுக்கு வந்தது.

“நெஜ மக்களவையிலயே இதுவரைக்கும் ஒரு பொம்பள சபாநாயகர் வந்ததில்ல, தெரியுமா?” என்றாள் அக்கா. “மொத சபையிலேர்ந்தே பொம்பளைங்க எம்.பி.யா இருக்காங்க. பிரதமரே வந்தாச்சு. ஆனா பத்துல ஒரு பங்குகூட பொம்பளைங்க இல்ல. அந்த நாற்காலியில ஒருத்தர்கூட ஒக்காரல.”

“நீ மொதல்ல ஒக்காந்து பாத்துட்டு சொல்லு, முதுகு வலிக்குதான்னு,” என்றார் சித்தப்பா.

ஒத்திகைக்காகத்தான் வீட்டில் சபை கூடியது. அப்பாவின் இரும்பு மடக்கு நாற்காலியில் அக்கா உட்கார்ந்தாள். நாங்கள் பாயில். மேசையைத் தட்டுவதற்குப் பதில், பூரிக்கட்டையால் முக்காலியைத் தட்டுவாள். யாரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசக் கூடாது, எதுவானாலும் சபாநாயகரிடம்தான் சொல்ல வேண்டும் என்று விதி சொன்னாள். அப்பா தலையாட்டினார். விதி என்றால் அவருக்கு ஒரு மரியாதை.

ஆனால் வீட்டில் வேறொரு விஷயம் புகைந்துகொண்டிருந்தது. அக்காவின் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிகிறது. அதற்கு மேல் படிக்க தினமும் லோக்கல் பிடித்து சிவாஜிநகர் போக வேண்டும். அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். குடியாத்தத்தில் பெரியம்மா வீட்டில் இருந்துகொண்டு டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளட்டும் என்பது அவர் முடிவு. அக்கா சில நாட்கள் அழுதாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

சித்தப்பா எடுத்தார். முதல் ஞாயிறு, ஒத்திகை பாதியில் எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

“சபாநாயகரம்மா அவர்களே! ஒரு தீர்மானம். இந்த வீட்டுப் பொண்ண ரயில்ல காலேஜுக்கு அனுப்பணும்னு இந்தச் சபை முடிவு செய்யணும்.”

“டேய், வெளையாட்டுல இத ஏன்டா இழுக்கிற?” என்றார் அப்பா.

பூரிக்கட்டை தட்டியது. “பிரதமர் என்னப் பாத்துப் பேசணும்.”

அப்பா அக்கா பக்கம் திரும்பினார். “சபாநாயகர் அவர்களே, அந்த உறுப்பினர் ஒரு மடையன்.”

“அந்த வார்த்த சபைக் குறிப்புலேர்ந்து நீக்கப்படுது.”

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. ரயிலில் கூட்டம், சாயங்காலம் வண்டி தாமதமானால் இருட்டிவிடும், வழியில் ஒன்று என்றால் யாரைக் கேட்பது என்று தன் காரணங்களைச் சொன்னார். நியாயமாகத்தான் பேசினார். பிறகு ஓட்டெடுப்பு. சித்தப்பா கை தூக்கினார். அவரைப் பார்த்து நானும் தூக்கினேன். எதிர்த்து அப்பா. அம்மா அப்பாவை ஒரு தரம் பார்த்தார். “அவரு சொல்றதுதான் எனக்கும்,” என்று சொல்லிக் கையை லேசாகத் தூக்கினார்.

இரண்டுக்கு இரண்டு. சபாநாயகருக்குச் சாதாரணமாக ஓட்டு கிடையாது. சமமாக நின்றால் மட்டும் உண்டு. அதாவது, முடிவு இப்போது அக்காவின் கையில்.

“போடும்மா ஓட்ட! சிவாஜிநகர் டிக்கெட் ஒண்ணு!” என்று கத்தினார் சித்தப்பா.

“போட்டுக்கட்டும்,” என்றார் அப்பா. “நாற்காலியில ஒக்காந்துட்டா அவங்கவங்களுக்கு வேண்டியத அவங்கவங்களே பண்ணிக்க வேண்டியதுதான?”

அக்கா பூரிக்கட்டையை மடியில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“எங்க சார் சொல்லியிருக்காரு,” என்றாள். “சமமா இருந்தா சபாநாயகர் புதுசா எதையும் கொண்டுவரக் கூடாது. இருக்கிறது இருக்கிறபடி இருக்கணும். சபை மறுபடியும் பேசறதுக்கு எடம் விடணும். அதனால என் ஓட்டு எதிரா. தீர்மானம் தோத்துடுச்சு. சபை அடுத்த ஞாயித்துக்கிழம கூடும்.”

“ஒன்ன லேத்துல போட்டுக் கடஞ்சாலும் தேற மாட்ட,” என்று தலையில் அடித்துக்கொண்டார் சித்தப்பா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தனக்கு எதிராகத் தானே ஓட்டுப் போட்ட முட்டாள் என்று எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 

அடுத்த ஞாயிறு, சித்தப்பா வருவதற்கு முன்பே நாற்காலியை விரித்துப் போட்டவர் அப்பாதான். “சபை கூடும்னு சொல்லியிருக்குதில்ல?” என்றார்.

அன்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, பாயில் உட்காராமல் நின்றார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

“சபாநாயகரம்மா, நான் பேசலாமா?”

“ஒனக்கு என்ன…” என்று அப்பா ஆரம்பித்தார். பூரிக்கட்டை தட்டியது. அப்பா வாயை மூடிக்கொண்டார். “மாண்புமிகு உறுப்பினர் பேசலாம்,” என்றாள் அக்கா.

அம்மா அப்பாவை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. விதி அப்படி.

“நான் இந்த ஊருக்கு மொத மொத தனியாத்தான் வந்தேன். பிரதமருக்கு லீவு கெடைக்கல. காட்பாடியில ஏத்தி வுட்டாங்க. இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. இடுப்புல சபாநாயகர் இருந்தாங்க, கைக்குழந்தையா. புனாவுல எறங்கி, லோக்கல் மாறி, வெளக்கு வைக்கிற நேரத்துக்கு இங்க எறங்கி, வழி கேட்டுக் கேட்டு வீட்டுக்கு வந்தேன். பயந்தியான்னு பிரதமர் கேக்கல. வந்துட்டியா, தோச ஊத்துன்னாரு.”

சித்தப்பா சிரிக்க வாயைத் திறந்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

“பாஷ தெரியாத நான் வந்தேன். மூணு பாஷ பேசற பொண்ணு, ஒரு மணி நேரத்துல போற எடத்துக்குப் போவ முடியாதுன்னா எப்பிடி? எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்.”

அப்பா வெகுநேரம் பாயின் கோரையை நிமிண்டிக்கொண்டிருந்தார். “சபாநாயகர் அவர்களே,” என்றார் கடைசியில், “பதில் சொல்ல அவகாசம் வேணும்.”

“அவகாசம் தரப்படுது. பதில அப்புறம் சொல்லலாம். போன வாரத் தீர்மானத்துக்கு இப்ப மறுபடியும் ஓட்டு. எதிரானவங்க?”

அப்பா கை தூக்கினார். அவர் ஒருவர்தான்.

“ஆதரிக்கறவங்க?”

சித்தப்பா, நான், அம்மா. சபாநாயகரின் ஓட்டுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

“சரி. சபை முடிவு,” என்று எழுந்தார் அப்பா. கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஜூன் மாதம் ஸ்டேஷனுக்குப் போய், அக்காவுக்கு மாதப் பாஸ் வாங்கிவந்தது அவரேதான்.

பல வருடங்கள் கழித்து, உண்மையான மக்களவையில் முதன்முதலாக ஒரு பெண் அந்த நாற்காலியில் அமர்ந்ததை டிவியில் பார்த்தேன். உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அம்மா பாத்தாங்களா?” என்றுதான் கேட்டாள்.

அந்த இரண்டாவது ஞாயிறன்று எனக்கு எட்டு வயது. எண்ணி முடித்தாயிற்று, முடிவும் சொல்லியாயிற்று. சித்தப்பா செருப்பு மாட்டிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார். அம்மா மட்டும் அதே இடத்தில் கையைத் தூக்கியபடி நின்றிருந்தார்.

“எண்ணியாச்சும்மா, கைய எறக்கு,” என்றேன்.

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். கையை இறக்கவில்லை. பாவம், அம்மாவுக்குச் சபை விதி இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.