ஒரு கை குறைந்த நட்சத்திர மீன்

யாங்கோனில் என்னை "சயா" என்கிறார்கள். சயா என்றால் வாத்தியார். கீழக்கரையில் ஏழாம் வகுப்போடு வாத்தியார்களிடமிருந்து தப்பி, சங்கு குளிக்கக் கடலில் குதித்தவன் நான். இங்கே டீக்கடையில் யாராவது "சயா" என்றால் எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று இன்னமும் திரும்பிப் பார்க்கிறேன்.

இந்தப் பட்டம் வந்த கதை இது. யாங்கோனின் போட்டாதாங் பேட்டையில், கடலுக்கடியில் முக்குளிப்பவர்களுக்குச் சாமான் வாடகைக்கு விடும் கடையில் வேலை பார்க்கிறேன். உப்புப் படிந்த ரப்பர் உடுப்புகளை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டும், அவ்வளவுதான். முதலாளி கோ மணி இங்கேயே பிறந்த தமிழர். நான் இந்த நாட்டில் தங்க வருஷா வருஷம் அவர் கடிதம் தர வேண்டும். உடுப்பு அலசுகிறவனுக்கு அனுமதி கிடைக்காது என்று இந்தத் தடவை "கடலுயிர் நிபுணர்" என்று எழுதப் போவதாகச் சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது கேள்வி கேட்டால்?

கேட்டார்கள். ஊ டின் என்ற அரிசி வியாபாரி, மகனைப் பார்க்க நார்வே போனவர், அங்கே ஐஸ் தண்ணீரில் முக்குளித்துப் படமெடுத்து வந்திருந்தார். சட்டம் போட்டு மாட்டப் பெயர்கள் வேண்டுமாம். கோ மணி என்னை நிபுணர் என்று காட்டிவிட்டார்.

முதல் படத்தில் செக்கச்செவேலென்று தடியாக ஒன்று. என் அரைகுறை பர்மீஸில் "ம்யோ" என்றேன். அட்டை. கோ மணி கண்ணை மூடிக்கொண்டார். ஊ டின் மேசையைத் தட்டினார்.

"அங்க வெள்ளைக்காரன் இதை வெள்ளரிக்காய்ங்கிறான், சயா! நான் கடல் அட்டைன்னா சிரிக்கிறான்!"

நம் கரையிலும் அது கடல் அட்டை, பர்மியர் வாயிலும் கடல் அட்டை. அந்தக் குளிரில் காய்கறிக்கு ஏங்கியவர்கள் வேறெப்படிப் பெயர் வைப்பார்கள்?

அடுத்த படம் மங்கல். பாறைமேல் ஆரஞ்சு நிறத்தில் ஐந்து கைகள். ஒன்று மட்டும் குட்டை.

"நட்சத்திர மீன். ஒரு கையை எதுவோ கடிச்சிருக்கு. திரும்ப முளைக்குது."

ஊ டின் குரல் இறங்கியது. "வியாபாரக் கூட்டாளி பிரிஞ்சதிலேருந்து எனக்கும் ஒரு கை ஒடிஞ்ச மாதிரிதான். முளைக்குமா, சயா?"

"முளைக்கும்" என்றேன். மீனைச் சொன்னேன்.

அவர் தன்னைச் சொன்னதாக, அதிர்ஷ்ட வாக்காக எடுத்துக்கொண்டார்; மறுவாரம் அந்தப் படத்தை என் பெயரோடு எங்கள் கடைச் சுவரில் மாட்டினார். அதே வாரம் அவருடைய முக்குளிப்புப் பையும் அலசுவதற்கு வந்தது. உள்ளே ஆரஞ்சு நிற ரப்பர் கையுறை, ஒன்று மட்டும். வெறுங்கையோடு குளித்தே பழகியவனுக்குக் கடலில் கையுறை போடுவார்கள் என்றே தெரியாது. மற்றது எங்கே என்றேன்.

"நார்வேயில படகுலேருந்து விழுந்துடுச்சாம்" என்றார் கோ மணி. "போட்டோ எடுத்ததுக்கு முதல் நாள்."

கையுறையை மேசைமேல் விரித்தேன். நான்கு நீளம். கட்டைவிரல் குட்டை. சுவரிலிருந்த படத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன்; அதே ஆரஞ்சு, அதே ஐந்து கை.

"அண்ணே, உண்மையைச் சொல்லிடலாமா?"

கோ மணி படத்தையும் கையுறையையும் மாறிமாறிப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சொன்னா அவருக்கு அதிர்ஷ்டம் போயிடும், உனக்கு அனுமதி போயிடும். அந்தப் படத்துக்கு ஒரு பிரதி எடுத்துக் கடிதத்தோட வெச்சுத்தான் அனுப்பியிருக்கேன். வாயை மூடு, சயா."

ஒரு வருஷ அனுமதி வந்துவிட்டது. ஒற்றைக் கையுறை தனக்கெதற்கு என்று ஊ டின் என்னிடமே விட்டுவிட்டார். அதை இடக்கையில் மாட்டிக்கொண்டுதான் இப்போது உடுப்பு அலசுகிறேன். அந்தக் கை சயாவுடையது; நனைவதில்லை. கீழக்கரைக்காரனின் வலக்கை மட்டும் உப்புத்தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது.